ஒஷியே ஹகோயிதா: ஜப்பானின் அலங்கார மட்டையை வீட்டில் செய்ய முழுமையான வழிகாட்டி

டோக்கியோவின் அசாகுசா பகுதியில் உள்ள சென்சோஜி கோவில் வளாகத்தில் ஆண்டுதோறும் டிசம்பர் 17, 18, 19 தேதிகளில் ஒரு சந்தை கூடும். அங்கே விற்பது மட்டைகள். கடைக்குக் கடை, வரிசைக்கு வரிசை, பட்டுத்துணியில் புடைத்து நிற்கும், கபுகி என்னும் ஜப்பானிய மேடை நாடகத்தின் நடிகர்களும் நடனப் பெண்களுமாக மட்டைகள் அடுக்கியிருக்கும். விலை பேசி முடிந்ததும் கடைக்காரரும் வாங்கியவரும் சேர்ந்து தாளம் போட்டுக் கைதட்டுவார்கள். ஆனால் வாங்கிப் போகிற மட்டையால் யாரும் பந்தடிக்கப் போவதில்லை. அடித்தால் முதல் அடியிலேயே நடனப்பெண்ணின் மூக்கு நசுங்கிவிடும்.

இந்த மட்டைக்கு ஹகோயிதா என்று பெயர். அதன் மேல் துணியும் பஞ்சும் வைத்துப் புடைப்புப் படம் செய்கிற கலை ஒஷியே. இரண்டும் சேர்ந்த ஒஷியே ஹகோயிதாவை வீட்டிலேயே செய்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. நன்றாக வரையத் தெரிந்தவர்களுக்கான வேலை என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். வரையத் தெரிந்தால் முகத்துக்கு உதவும், அவ்வளவுதான். மீதி முழுக்க அடுக்குகிற வேலை. எந்தத் துண்டு எதற்கு அடியில் போகிறது, எங்கே பஞ்சு வேண்டும், எங்கே கூடாது என்பது தலையில் தெளிவாக இருந்தால் பாதி மட்டை முடிந்த மாதிரி.

விளையாட்டு மட்டை அலங்காரமான கதை

ஹனேட்சுகி என்பது ஜப்பானின் பழைய புத்தாண்டு விளையாட்டு. பார்க்கப் பூப்பந்து போல இருக்கும், வலை கிடையாது. இரண்டு பேர் மாற்றி மாற்றி அடிக்கலாம், ஒருவரே மேலே தட்டித் தட்டி எண்ணிக்கொண்டும் இருக்கலாம். தவறவிட்டவர் முகத்தில் மையால் கோடு போடுவது வழக்கம். 1432ஆம் ஆண்டிலேயே அரச குடும்பத்து நாட்குறிப்பு ஒன்றில் இந்த விளையாட்டு பதிவாகியிருக்கிறது.

பந்தின் தலை முகுரோஜி என்னும் மரத்தின் கருப்பு விதை. நம்மூர் பூந்திக்கொட்டை மரமும் அதே இனம், இரண்டின் விதையும் உருண்டையாக, கல் போலக் கடினமாக இருக்கும். விதையில் துளையிட்டு இறகுகளைச் செருகினால் பந்து தயார். அது சுழன்று இறங்குவதைப் பார்த்தால் தும்பி பறப்பது போலத் தோன்றும். தும்பி கொசுவைத் தின்னும், அதனால் புத்தாண்டில் இதை ஆடினால் குழந்தைக்கு அந்த ஆண்டு கொசுக்கடி நோய் அண்டாது என்று நம்பினார்கள். விளையாட்டுச் சாமான் காப்புப் பொருளானது இப்படித்தான். பெண் குழந்தை பிறந்து வரும் முதல் புத்தாண்டுக்கு ஹகோயிதா பரிசளிப்பது எடோ காலத்தில், அதாவது 1603க்கும் 1868க்கும் இடையில், நன்றாக வேரூன்றியது. ஆண் குழந்தைக்கு அலங்கார வில் கொடுப்பார்கள்.

பரிசு என்றாகிவிட்ட பிறகு அழகு கூடாமல் இருக்குமா? முதலில் பலகை மேல் வண்ணம் தீட்டினார்கள், பொன்தாள் ஒட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒஷியே வந்து சேர்ந்தது. எடோ நகரமே, அதாவது இன்றைய டோக்கியோவே, கபுகி நடிகர்களின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. பிடித்த நடிகரின் முகத்தோடு மட்டை வந்ததும் சந்தையில் அள்ளிக்கொண்டு போனார்கள். எந்த நடிகரின் மட்டை அதிகம் தொங்குகிறது என்பதை வைத்தே அவருடைய மவுசைக் கணக்குப் போட்டார்கள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை: அந்தந்த ஆண்டில் பேசப்பட்ட விளையாட்டு வீரர்களையும் அரசியல்வாதிகளையும் வைத்து ஆண்டு முடிவில் வேடிக்கை மட்டைகள் செய்து செய்தியாளர்களுக்குக் காட்டுவது டோக்கியோ பொம்மை நிறுவனமான கியூகெட்சுவின் வழக்கம்.

இன்று டோக்கியோவைத் தவிர, பக்கத்தில் உள்ள சைத்தாமா மாநிலத்தின் கசுகாபே நகரமும் இந்தக் கைவேலைக்குப் பேர்போனது. கசுகாபேயில் கிரி என்னும் லேசான மரத்தில் பெட்டிகளும் அலமாரிகளும் செய்கிற தொழில் முன்பே இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அசாகுசாவிலிருந்து இடம்பெயர்ந்த கைவினைஞர்கள் பலகைக்கு மரம் கிடைக்கும் அந்த ஊரில் தங்கிவிட்டார்கள்.

எந்தப் படத்தைச் செய்வது

முதல் மட்டைக்கு நான் சொல்வது ஃபுஜி முசுமே, அதாவது ஊதா நிறத்தில் சரம்சரமாகத் தொங்கும் விஸ்டீரியாக் கொடியைத் தோளில் சாய்த்துப் பிடித்திருக்கும் பெண். கியோட்டோ அருகே ஓட்சு ஊரில் வழிப்போக்கர்களுக்கு விற்ற நாட்டுப்புற ஓவியங்களில் இருந்த உருவம் இது. 1826இல் கபுகி மேடையில் நடனமாக ஏறியது. ஹகோயிதாவில் இன்றும் விடாமல் செய்யப்படும் உருவங்களில் ஒன்று.

அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அவள் தலையில் பெரிய கருப்பு அரக்குத் தொப்பி இருக்கிறது. ஜப்பானியக் கொண்டை ஒஷியேயில் மிகக் கஷ்டமான பகுதி, தொப்பி அதில் முக்கால்வாசியை மறைத்துவிடும். தோளில் உள்ள பூங்கொத்து சட்டையின் மடிப்புகளில் வரும் சின்னச் சின்னப் பிசகுகளை மூடும். மார்பளவு உருவமாகச் செய்தால் ஒரு கை மட்டும் தெரிந்தால் போதும். சுகெரோக்கு போன்ற வீர நாயகன் உருவம், ஊதாத் தலைக்கட்டும் குடையுமாகக் கம்பீரமாக இருக்கும்தான். ஆனால் கண்ணைச் சுற்றிய சிவப்பு ஒப்பனைக் கோடு ஒரு மயிரிழை தப்பினாலும் ஆள் மாறிவிடுவார். அது இரண்டாவது மட்டைக்கு.

தேவையானவை

பலகைக்கு ஜப்பானில் கிரி மரம். பாலோனியா என்று மரக்கடைக்காரர்கள் சொல்வது இதுதான். மிக லேசானது, எளிதில் வளையாது. அது கிடைக்காவிட்டால் நன்றாக உலர்ந்த லேசான மரம் எதுவானாலும் சரி, 9 அல்லது 12 மில்லிமீட்டர் பிளைவுட்டும் போதும். கனமான மரம் மட்டும் வேண்டாம், மட்டை தாங்கியில் நிற்காமல் சாயும்.

அட்டை: புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டையின் கனம் சரியாக இருக்கும். புத்தக பைண்டிங் அட்டை ரொம்பத் தடி, ஓரம் மழுங்காது.

துணி: ஜப்பானில் சிரிமென் என்னும் சுருக்கப் பட்டு. க்ரேப், பழைய பட்டுப்புடவை, மெல்லிய ப்ரோகேட் எல்லாம் நடக்கும். பூவேலை சிறியதாக இருக்க வேண்டும். கையகலப் பூ போட்ட துணியை நான்கு அங்குல உருவத்துக்கு வெட்டினால் ஏதோ கறை போலத்தான் தெரியும். பாலியெஸ்டர் சாட்டின் வேண்டாம், மடித்த இடத்தில் நிற்காது. தொப்பிக்கு மட்டும் பளபளப்பான கருப்புத் துணி நல்லது. முகத்துக்கு மெல்லிய, நெருக்கமான நெசவுள்ள வெள்ளைப் பட்டு.

பஞ்சு: மருந்துக்கடையில் கிடைக்கும் சுருள் பஞ்சு. ஏடு ஏடாகப் பிரிய வேண்டும், அதுதான் முக்கியம்.

பசை: மாவுப்பசை. மைதாவைவிட அரிசிமாவோ ஸ்டார்ச்சோ காய்ச்சினால் வெள்ளையாக இருக்கும். பூச்சி வராமலிருக்க பைண்டிங் கடைகளில் மயில்துத்தம் கலப்பார்கள், வெளிர்நிறப் பட்டுக்கு அது ஆகாது, நீலப்பச்சை ஏறிவிடும். வெள்ளை ஃபெவிகால் பலகையில் ஒட்டும்போது மட்டும்.

இவை தவிர கூர்மையான சின்னக் கத்தரி, கட்டர், இடுக்கி, மிக நுனி மெல்லிய தூரிகை, கருப்பு மை, டிரேசிங் தாள், உறுதியான மெல்லிய தாள். அந்தத் தாளுக்கு ஜப்பானியர்கள் வாஷி என்னும் தங்கள் மரபுத் தாளை எடுப்பார்கள். பிறகு ஒரு சூட்டுக்கோல். கைவினைஞர்கள் துணியின் ஓரத்தை மடித்து அழுத்தச் சின்ன இரும்புக் கரண்டி போன்ற ஒன்றைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். பழைய தேக்கரண்டியைச் சூடான இஸ்திரிப் பெட்டி மேல் வைத்து எடுத்தால் அதே வேலை நடக்கும். அடுப்புத் தீயில் காட்ட வேண்டாம், கரி பட்டுத் துணி போகும்.

1. பலகையை வெட்டுதல்

மொத்த நீளம் 42 சென்டிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கைப்பிடி 12. மேல் அகலம் 14, கீழே வரவரக் குறுகிக் கைப்பிடியை ஒட்டி 9. கைப்பிடி 3 சென்டிமீட்டர் அகலம். மேல்விளிம்பு நேராகவோ மெல்லிய வளைவாகவோ இருக்கலாம்.

வெட்டியதும் உப்புத்தாளால் எல்லா ஓரங்களையும் தேய்த்துவிடுங்கள். பக்கவிளிம்பு மட்டை முடிந்த பிறகும் கண்ணுக்குத் தெரியும், கவனமாக முடியுங்கள். முன்பக்கம் பெரும்பாலும் மறைந்துவிடும், அதற்கு மெனக்கெட வேண்டாம்.

2. படம் வரைதல், துண்டு பிரித்தல்

பலகையின் உண்மை அளவில் படத்தை வரையுங்கள். உருவம் பலகைக்குள் அடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தொப்பி மேலேயும், பூங்கொத்து பக்கத்திலும் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டினால்தான் ஹகோயிதாவுக்கு உயிர். பலகைக்குள் அடக்கிச் செய்ததைப் பார்த்தால் புகைப்படச் சட்டம் போல இருக்கும்.

இப்போது ஒவ்வொரு துணி நிறமும் ஒவ்வொரு மடிப்பும் மாறும் இடத்தில் பிரியுங்கள். மார்பளவு ஃபுஜி முசுமேவுக்கு நான் பிரிப்பது இப்படி: பின்முடி, கழுத்து, முகம், பக்கமுடி, தொப்பி, வெள்ளை உட்கழுத்துப்பட்டை, சிவப்புக் கழுத்துப்பட்டை, கிமோனோ என்னும் ஜப்பானிய மேலங்கியின் வலது மார்பு, இடது மார்பு, இரண்டு தோள்கள், கைச்சட்டை, ஒபி என்னும் இடுப்புக்கச்சை, பிறகு கை, கொடித்தண்டு, இலைகள், பூச்சரங்கள்.

படத்தை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வெட்டுவதற்கு, இன்னொன்று சுவரில். வெட்டும் பிரதியில் ஒவ்வொரு துண்டுக்கும் எண், மேல்நோக்கிய அம்பு, ‘முன்’ என்ற சொல் மூன்றையும் எழுதுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இனி வரும் வேலையில் பாதி நேரம் நாம் துண்டுகளைப் பின்பக்கமாகத்தான் பார்க்கப் போகிறோம், இடமும் வலமும் மாறித் தெரியும்.

அப்படி மாறினால் பெரிதாக என்ன ஆகிவிடும் என்று கேட்டால், கிமோனோவில் அது பெரிய விஷயம். அணிந்தவரின் இடதுபக்கத் துணி எப்போதும் மேலே வர வேண்டும், அதாவது பார்க்கிற நமக்கு வலப்பக்கம் இருப்பது மேலே. இறந்தவர்களுக்கு மட்டும்தான் அதை மாற்றி உடுத்துவார்கள். புத்தாண்டுக் காப்புப் பொருளில் அந்தப் பிழை வந்தால் ஒரு ஜப்பானியர் கண்ணில் முதலில் அதுதான் படும்.

3. அட்டை வெட்டுதல்

ஒவ்வொரு துண்டையும் அட்டைக்கு மாற்றும்போது, வேறு துண்டுக்கு அடியில் போகும் பக்கத்தில் மட்டும் 6 முதல் 8 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். இந்தச் செருகல் பகுதிதான் முழு உருவத்தையும் பிடித்து நிறுத்தப் போகிறது. வெளியே தெரியும் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்ட வேண்டாம். துணியின் கனமே கொஞ்சம் கூட்டிவிடும், சிறிய துண்டுகளில் அரை மில்லிமீட்டர் குறைத்தே வெட்டலாம்.

வெட்டிய அட்டைகளைத் துணி போடாமலேயே ஒருமுறை படத்தின் மேல் அடுக்கிப் பாருங்கள். இந்த நேரத்தில் சரிசெய்வது இலவசம்.

4. பஞ்சு வைத்தல்

மட்டை நன்றாக வருவதும் கெடுவதும் இங்கேதான். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் பஞ்சை அள்ளி வைத்துவிடுகிறார்கள். எல்லாத் துண்டும் ஒரே அளவு உப்பினால் உருவம் தலையணைக் குவியலாகிவிடும். புடைப்பு என்பது உயர வித்தியாசம். தோள் உயர்ந்து தெரிய வேண்டுமானால் கழுத்துப்பட்டை தட்டையாக இருந்தாக வேண்டும்.

கழுத்து, கழுத்துப்பட்டைகள், கை ஆகியவற்றுக்கு ஒரே ஒரு ஏடு பஞ்சு. முகத்துக்கும் அவ்வளவே, கன்னம் வரும் இடத்தில் விரல்நுனி அளவு இன்னொரு ஏடு. மார்புக்கும் தோளுக்கும் மூன்று நான்கு ஏடுகள். கைச்சட்டை, தொப்பி இரண்டும்தான் மிக உயரம். ஏடுகளை ஒரே அளவில் வெட்டி அடுக்காதீர்கள். சின்னது முதலில், அதை மூடப் பெரியது மேலே. அப்போதுதான் மேல்பரப்பு படியாகத் தெரியாமல் வழவழவென்று இறங்கும். ஓரத்துக்கு வரும்போது பஞ்சை விரலால் பிய்த்து மெலிதாக்குங்கள், கத்தரியால் வெட்டினால் வெட்டிய கோடு துணிக்கு மேலே தெரியும்.

செருகல் பகுதியில் பஞ்சே கூடாது. அங்கே பஞ்சு இருந்தால் மேலே வரும் துண்டு தூக்கிக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே இருண்ட இடைவெளி விழும்.

5. துணி போர்த்துதல்

அட்டையைவிட எல்லாப் பக்கமும் 7 மில்லிமீட்டர் அதிகமாகத் துணியை வெட்டுங்கள். நெசவு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கைச்சட்டையில் அது கை போகும் போக்கில் போக வேண்டும், கழுத்துப்பட்டையில் பட்டையின் நீளத்தோடு. ஜரிகைத் துணியில் இதைக் கவனிக்காவிட்டால் ஒரே துணியில் வெட்டிய இரண்டு துண்டுகள் இரண்டு நிறமாகத் தெரியும்.

துணியைக் கவிழ்த்து, அதன் மேல் பஞ்சுப்பக்கம் கீழாக அட்டையை வையுங்கள். பசையை அட்டையின் பின்விளிம்பில் மட்டும், மெலிதாக. துணியில் தடவினால் ஊறி முன்பக்கம் வந்துவிடும். முதலில் எதிரெதிராக நான்கு இடத்தில் இழுத்து ஒட்டுங்கள், பிறகு இடைப்பகுதி. வெளிவளைவில் மடிப்பு குவியும், அங்கே சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டி எடுங்கள். உள்வளைவில் துணி இழுத்துப் பிடிக்கும், அங்கே விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பு வரை கீறிவிட்டால் போதும். ஒட்டியதும் சூட்டுக்கோலால் விளிம்பை ஓர் அழுத்து. பசை அப்போதே பாதி காய்ந்து மடிப்பு கத்தி போல நிற்கும். ஒஷியேயின் அந்தக் கூர்மையான ஓரம் கிடைப்பது இந்தச் சூட்டில்தான், வெறும் பசையில் கிடைக்காது.

செருகல் பக்கத்தில் துணியை மடிக்க வேண்டாம், அப்படியே நீட்டி விட்டுவிடுங்கள். மடித்தால் கனம் கூடும்.

6. முகம்

எடோ காலத்திலிருந்தே முகம் எழுதுவதற்கென்று தனிக் கைவினைஞர் உண்டு. துணி வேலை ஒருவர், முகம் இன்னொருவர். அதிலிருந்தே இதன் கஷ்டம் புரியும்.

மரபு முறையில் வெள்ளைப் பட்டு போர்த்திய முகத்தின் மேல் கோஃபுன் பூசுவார்கள். சிப்பி ஓடுகளை ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்து, பிறகு அரைத்தெடுத்த வெள்ளைப் பொடி அது. அதைத் தோலிலிருந்து எடுக்கும் நிகாவா என்னும் பசையில் குழைப்பார்கள். நம் தச்சர்கள் ஒரு காலத்தில் காய்ச்சிய வச்சிரப் பசைக்கு உறவு. நிகாவாவை நீரில் ஊறவைத்து இளஞ்சூட்டில் கரைக்க வேண்டும், கொதித்தால் பிடிப்பு போய்விடும். கோஃபுனைத் தண்ணீர்ப்பாலாக, மெலிதாகப் பூசி, காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. தடியாக ஒரே பூச்சு பூசினால் வெடிக்கும்.

ஓவியப் பொருள் கடைகளில் கோஃபுன் கிடைக்கவில்லையா, அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சைத் தண்ணீர் கலந்து இரண்டு மூன்று மெல்லிய பூச்சு கொடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு, வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு இரண்டையும் மறந்துவிடுங்கள். சுட்ட சுண்ணாம்பு பட்டுத்துணியை அரித்துவிடும்.

பூச்சே வேண்டாம், நேராகப் பட்டிலேயே எழுதுகிறேன் என்பவர்கள் மை பரவாமல் இருக்க முதலில் படிகாரமும் நிகாவாவும் கலந்த நீரை ஒருமுறை தடவிக் காயவிட வேண்டும். ஜப்பானிய ஓவியர்கள் தாளுக்கும் பட்டுக்கும் இதையேதான் செய்கிறார்கள்.

எழுதும் வரிசை: மூக்குக் கோடு முதலில், அது முகத்தின் நடுவைச் சொல்லிவிடும். அடுத்து புருவம், வெளிறிய சாம்பலில் தொடங்கி மேலே கருப்பு. பிறகு மேல் இமை, அதுதான் முகத்திலேயே தடித்த கோடு. கீழ் இமை இருக்கிறதா இல்லையா என்னும்படி. உதடு சின்னது, நல்ல சிவப்பு. கருவிழி கடைசி. பார்வை எங்கே போகிறது என்பதை அதுதான் தீர்மானிக்கும், ஃபுஜி முசுமேவின் பார்வை தோள்மேல் உள்ள பூ இருக்கும் பக்கம் சாய்ந்திருந்தால் அழகு. ஒரே முகத்தைத் திருத்தித் திருத்தி எழுதுவதைவிட, நான்கைந்து முகங்களைச் சேர்த்தே தயார் செய்து, எல்லாவற்றிலும் எழுதி, நன்றாக வந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் பழகாமல் நேரடியாகத் துணியில் இறங்குவது வீண்.

7. முடியும் தொப்பியும்

முடிக்குக் கைவினைஞர்கள் முறுக்காத கருப்புப் பட்டு நூலைப் பயன்படுத்துவார்கள். கருப்பு எம்பிராய்டரி நூலை இழை இழையாகப் பிரித்து எடுத்தால் கிட்டத்தட்ட அதே தோற்றம். முடித்துண்டின் அட்டைக்குக் கருப்புத்தாள் ஒட்டி, மேலே மெலிதாகப் பசை தடவி, நூல்களைப் பக்கம் பக்கமாகப் படியவைத்து, பழைய பல்துலக்கியால் முடி ஓடும் திசையில் சீவுங்கள். நெற்றி விளிம்பில் நூல் வெட்டியது போல முடியும், அந்த இடத்தில் தூரிகையால் மயிர்க்கோடுகள் இழுத்துவிட்டால் முகத்தோடு கலந்துவிடும்.

தொப்பிக்கு உள்ளே பஞ்சு நிறைய. கீழ்விளிம்பை ஒட்டி மெல்லிய சிவப்பு நாடா ஒன்றை ஓட்டுங்கள், முகவாய்க்குக் கீழே முடியும் கயிறாக அது வரும்.

8. கோர்த்தல்

துண்டுகளை ஒவ்வொன்றாகப் பலகையில் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. முதலில் உருவம் முழுவதையும் தனியாகக் கோர்த்து, கடைசியில் பலகைக்குக் கொண்டுபோவதே ஒஷியே முறை. தனியாக இருக்கும்போது தூக்கிப் பார்க்கலாம், பிரித்து மாற்றலாம்.

தலை ஒரு குழு, உடல் ஒரு குழு, கொடி ஒரு குழு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தலையில் அடியிலிருந்து மேலாக: பின்முடி, கழுத்து, முகம், பக்கமுடி, தொப்பி. உடலில் வெள்ளைப்பட்டை, அதன் மேல் சிவப்பு, அதன் மேல் கிமோனோவின் வலது மார்பு, மேலே இடது மார்பு. ஒவ்வொரு பட்டையும் முந்தையதை முழுதாக மூடாமல் 3 மில்லிமீட்டர் விட்டுப் படிய வேண்டும். ஜப்பானியர் கிமோனோவில் ரசிக்கிற அழகில் பெரும்பங்கு அந்த மூன்று மில்லிமீட்டர் நிறங்களில் இருக்கிறது. தோள்கள், கைச்சட்டை, ஒபி அதன் பிறகு.

ஒவ்வொரு குழுவையும் மென்மையான துண்டின் மேல் முகம் கீழாகக் கவிழ்த்து, பின்னால் வாஷி அல்லது வேறு உறுதியான தாள்கீற்றுகளால் இணைப்புகளை ஒட்டுங்கள். கழுத்தை உடலுக்குள் செருகும்போது ஒட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பாருங்கள். தலை அரை சென்டிமீட்டர் கீழே இறங்கினால் பெண் கூனியிருப்பாள், கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்தால் நாணம் வரும். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம்.

9. விஸ்டீரியாச் சரங்கள்

வெளிர் ஊதா, அடர் ஊதா, வெள்ளை என மூன்று துணி. துளி வடிவில் சின்ன அட்டைகள் வெட்டி, பஞ்சு இல்லாமலோ பொட்டளவு பஞ்சோடோ போர்த்துங்கள். சரத்தின் மேல்பகுதியில் பெரிய இதழ்கள், நுனிக்குப் போகப்போகச் சிறியவை. நிறமும் அப்படியே, மேலே வெளிர், நுனியில் அடர்த்தி, ஏனென்றால் விஸ்டீரியா மேலிருந்து கீழாக மலரும், நுனியில் இருப்பது விரியாத மொட்டு. ஒரு நூலின் மேல் கீழிருந்து தொடங்கி ஓட்டு வேய்வதைப் போல ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு மேலே வாருங்கள். சரங்கள் ஒரே நீளமாக இருக்க வேண்டாம். ஒன்று பலகையின் விளிம்பைத் தாண்டித் தொங்கட்டும்.

10. பலகையின் பின்பக்கமும் கைப்பிடியும்

உருவத்தை ஒட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும், பிறகு மட்டையைக் கவிழ்க்க முடியாது. நல்ல ஹகோயிதாக்களின் பின்பக்கத்தில் பிளம் பூ, பைன், மூங்கில் போன்ற மங்கலச் சின்னங்களில் ஒன்று தூரிகையால் சில வீச்சுகளில் எழுதியிருக்கும். சுவரோரம் நிற்கிற பொருளுக்குப் பின்பக்கம் எதற்கு என்று தோன்றலாம். சந்தையில் தேர்ந்த கண்கள் மட்டையைத் திருப்பித்தான் பார்க்கும். கிளை ஒன்று, ஐந்திதழ்ப் பூ மூன்று, மொட்டு இரண்டு போதும், மீதி மரத்தின் ரேகையே பேசட்டும்.

கைப்பிடிக்குப் பட்டோ பொன்தாளோ சுற்றி, நுனியில் குஞ்சம் கட்டுங்கள். முன்பக்கத்தில் உருவத்துக்குப் பின்னால் தெரியப்போகிற இடத்தில் பொன்னிறத்தாளோ ஒரே நிறத் துணியோ ஒட்டலாம். அங்கே பூ போட்ட துணி வைத்தால் முன்னால் நிற்பவள் காணாமல் போய்விடுவாள்.

11. பலகையில் பொருத்துதல்

உருவத்தைப் பலகையில் வைத்து, தலை எங்கே, கைச்சட்டை எங்கே என்று பென்சிலால் இரண்டு மூன்று குறி. உருவத்தின் பின்னால் அட்டைகள் தட்டையாக இருக்கும் இடங்களில் மட்டும் ஃபெவிகால் வைத்து அழுத்துங்கள். பிறகு மடிப்புகளுக்குள் மறையும்படி ஐந்தாறு மெல்லிய பித்தளை ஆணிகள்: தொப்பியின் அடியில், தோள் மடிப்பில், ஒபியின் கீழ்விளிம்பில். நேராகச் சுத்தியலால் அடித்தால் பஞ்சு நசுங்கும், ஆணித்தலையில் சின்னக் கம்பி ஒன்றை வைத்து அதன் மேல் தட்டுங்கள். காயும் வரை புத்தகத்தைப் பாரமாக வைக்க வேண்டாம், ஒரு சின்னத் துணிப்பையில் அரிசி போட்டு மேலே வைத்தால் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி அதுவே படியும்.

கை, கொடித்தண்டு, பூச்சரங்கள் இந்தக் கட்டத்தில்தான் ஏறும். சிவப்புக் கயிற்றை முகவாயின் கீழ் முடிவதும் கடைசியில்தான்.

வைக்கும் இடம், பாதுகாப்பு

ஜப்பானில் டிசம்பர் நடுவில் எடுத்து வைத்து, ஜனவரி 15 வாக்கில் உள்ளே வைத்துவிடுவார்கள். கடையில் வாங்குவது பெரும்பாலும் கண்ணாடிப் பெட்டியோடு வரும். நீங்களும் பெட்டி செய்தால் முன்கண்ணாடிக்கும் தொப்பிக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். ஊதா நிறத் துணி வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், ஜன்னலுக்கு எதிரே வேண்டாம்.

தூசியைத் துணியால் துடைக்கக் கூடாது. ஒப்பனைக்கு வைத்திருக்கும் மென்மையான அகலத் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள், முகத்தைத் தொட வேண்டாம். உள்ளே வைக்கும்போது முகத்துக்கு மேல் மெல்லிய வெள்ளைத்தாள், பக்கத்தில் சிலிகா ஜெல் பை. மாவுப்பசை இருப்பதால் வெள்ளிமீன் பூச்சி வரும். அதற்கு நாப்தலீன் வைப்பதானால் தாளில் பொதிந்து பெட்டியின் மூலையில் வையுங்கள், பட்டிலும் ஜரிகையிலும் நேராகப் படக் கூடாது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட வையுங்கள். விளிம்பு எங்காவது தூக்கியிருந்தால் ஊசிமுனையால் பசை விட்டு, ஆறிக்கொண்டிருக்கும் கரண்டியால் ஓர் அழுத்து அழுத்தினால் சரியாகிவிடும்.